ஒரு நடை குறைத்தால் என்ன மிச்சம்?

பலசரக்கு வியாபாரத்தில் இருக்கும் நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள். வற்றல் மூட்டையில் எவ்வளவு தூசி கழியும், மழைக்காலத்தில் கருப்பட்டி எவ்வளவு இளகும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலை மட்டும் கைச்செலவு என்று தள்ளிவிடுகிறோம். பேரேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கும் கடைகள் மிகக் குறைவு.

இந்தப் பெட்ரோல் பணத்தோடு போய்விடுவதில்லை. கரியமில வாயுவாக வானத்தில் தங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்து வெளிவரும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோ. டீசல் என்றால் 2.7 கிலோ. முக்கால் கிலோ வைத்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் காட்டும் தராசு எங்கே இருக்கிறது என்று நம்மவர்கள் கேட்பார்கள். எடையில் மோசடி ஏதுமில்லை. பெட்ரோலில் பெரும்பகுதி கரி. எரியும்போது ஒவ்வொரு 12 பங்கு கரியும் காற்றிலிருந்து 32 பங்கு பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காகிவிடுகிறது. கூடுதல் எடை காற்று கொடுத்தது.

வானம் சூடானால் வியாபாரிக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்து வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றது. தரைமட்டக் கிடங்குகளில் அரிசியும் சீனியும் என்ன ஆயின என்பதை நாம் எழுதித் தெரியவேண்டியதில்லை. அந்த மழை முழுவதற்கும் வெப்பமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். தாங்கியது ஒருநாள் இறங்கத்தான் செய்யும்.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு சிறு கடைக்காரர் மொபெட்டில் நாளைக்கு நாலு நடை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் காய்கனி மார்க்கெட், பிறகு மொத்தக் கடை, மதியம் வங்கி, மாலையில் விட்டுப்போன சரக்குக்காக மறுபடியும் மொத்தக் கடை. நடைக்கு 5 கிலோமீட்டர் என்றால் நாளைக்கு 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் 300 நாளில் 120 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது இது 12,000 ரூபாயைத் தாண்டும். முந்தின இரவே சரக்குச் சீட்டு எழுதி, வங்கி வேலையையும் காலை நடையோடு சேர்த்து, நாலை இரண்டாக்கினால் 6,000 ரூபாய் மிச்சம். கரியமில வாயுவும் ஏறத்தாழ 140 கிலோ குறையும். மாலையில் போகும் அந்த ஒரு நடைதான் பெரும்பாலும் வீண். சீட்டு எழுதாததற்கு நாம் கட்டும் அபராதம் அது.

மூட்டைச் சரக்கில் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். ஒரு குட்டியானை வண்டி 50 கிலோ சீனி மூட்டையில் 15 வரை ஏற்றும். முத்தையாபுரம் பக்கத்து நாலு கடைக்காரர்கள் ஆளுக்கு மூன்று மூட்டைக்காக நாலு வண்டி பிடிப்பதும், நாலும் திரும்பும்போது வெறும் வண்டியாக வருவதும் நாம் அன்றாடம் பார்ப்பதுதான். ஒரே வண்டியில் ஏற்றி வாடகையைப் பங்கிடலாம். கொள்முதல் விலை பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற தயக்கம்தான் தடை. பில்லை அவரவர் தனியாக வாங்கிக்கொண்டு, வண்டியை மட்டும் சேர்ந்து பிடித்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கிழமை குறித்துவிட்டால் மொத்த வியாபாரிக்கும் சரக்கு எடுத்துவைக்க வசதி.

மின்சார ஸ்கூட்டர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நம் ஊர் சிப்காட்டிலேயே வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டபின் பேச்சு கூடியிருக்கிறது. நம் அனல் மின் நிலையத்தில் நிலக்கரிதானே எரிகிறது, புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே என்பது நியாயமான கேள்வி. 100 கிலோமீட்டருக்கு மின்சார ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 3 யூனிட் தேவை. நாட்டின் சராசரியில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, ஆக 2.1 கிலோ. பெட்ரோல் வண்டிக்கு அதே தூரத்துக்கு 4.6 கிலோ. பாதிக்கும் குறைவு. கயத்தாறு பக்கம் சுற்றும் காற்றாலைகளின் மின்சாரம் கூடக்கூட இது இன்னும் இறங்கும். ஆனாலும் ஓடுகிற வண்டியைத் தள்ளிவிட்டுக் கடன் வாங்கிப் புதியது எடுக்க அவசரமில்லை. பழையது ஓய்ந்தபின் யோசிக்கலாம். நம் ஊர் மேடுபள்ளம் இல்லாத ஊர். உப்பளத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறவர்கள் உண்டு. இரண்டு தெரு தள்ளிச் சரக்குக் கொடுக்க அதுவே போதும்.

இதில் நமக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. தெருமுனைக் கடைக்கு வாடிக்கையாளர் நடந்துதான் வருகிறார். புறவழிச்சாலைப் பெருங்கடைக்குக் காரில் போய் இரண்டு கிலோ பருப்பு வாங்கிவருகிறவரின் பெட்ரோல், பருப்பின் விலையில் ஏறுவதில்லை. அவர் பையிலிருந்து தனியாகப் போகிறது. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் போன் வந்தவுடன் ஒரு பாக்கெட் பாலுக்குப் பையனை வண்டியில் விரட்டினால் இந்தச் சாதகம் கரைந்துவிடும். காலை 11 மணிக்கு ஒரு நடை, மாலை 6 மணிக்கு ஒரு நடை என்று கடை வாசலில் எழுதிப் போடலாம். அவசரக்காரர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அதற்குப்பின் பத்தரை மணிக்கே போன் செய்துவிடுவார்கள்.