குதிரையின் மூக்கு எங்கே இருக்க வேண்டும்?

பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க மூன்று நாள் இருந்தபோது, 2024 ஜூலை 23 அன்று, பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். மூன்று தங்கம் உட்பட ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். இன்னொன்று கிடைத்திருந்தால் அந்த நாட்டு வீராங்கனைகளிலேயே அதிகப் பதக்கம் பெற்றவர் ஆகியிருப்பார். விலகக் காரணம் ஒரு காணொலி. மாணவி ஒருவர் குதிரைமேல் அமர்ந்திருக்க, தரையில் நிற்கும் டுஜார்டின் நீளச் சாட்டையால் அதன் கால்களில் திரும்பத் திரும்ப அடிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முந்தைய பயிற்சி அது. அவர் மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டார். அந்த டிசம்பரில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது.

குதிரைப் பந்தயமாக இருந்தால் சாட்டை இவ்வளவு பெரிய செய்தியாகியிருக்காது. ஆனால் இது டிரெஸாஜ். குதிரை தானாகவே விரும்பி ஆடுவதுபோல் தெரிகிறதா என்பதற்குத்தான் அங்கே மதிப்பெண்ணே.

60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட மணல் களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். வால்கோட்டும் தலைக்கவசமும் அணிந்த வீரர் குதிரையோடு உள்ளே வந்து நின்று வணங்குகிறார். பிறகு வரிசையாக அசைவுகள். ஒற்றைப் பின்னங்காலை அச்சாக வைத்ததுபோல் வட்டமடிப்பது, பாய்ந்தோடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் முன்வைக்கும் காலை மாற்றுவது, நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால்மாற்றி மிதிக்கும் ‘பியாஃப்’. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை போடுகிறார்கள். மொத்தம் சதவீதமாக வருகிறது. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் அடங்கிய இந்திய அணி தங்கம் வென்றது இதில்தான். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது.

அரை டன் எடையுள்ள விலங்கு இதையெல்லாம் எப்படிக் கற்கிறது? அதட்டி, மிரட்டி, அடித்துத்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அன்பாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன.

சவாரிக்காரர் கெண்டைக்காலால் குதிரையின் விலாவை லேசாக அழுத்துகிறார். குதிரைக்கு அது ஓர் உறுத்தல். தலையை ஆட்டிப் பார்க்கிறது, வாலை வீசுகிறது, எதேச்சையாக ஓர் அடி முன்னே எடுத்து வைக்கிறது. வைத்த அந்தக் கணத்தில் அழுத்தம் விலக வேண்டும். விலகினால், ‘ஓ, இதற்குத்தானா’ என்று குதிரைக்கு விளங்கிவிடும். குதிரை படிப்பது அழுத்தும்போது அல்ல, விடும்போது. அடுத்த முறை பாதி அழுத்தம் போதும். மாதக்கணக்கில் இப்படிப் போனால், மேலே இருப்பவர் முதுகை நிமிர்த்தினாலே குதிரை புரிந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மெக்லீன், பால் மெக்ரீவி போன்றோர் இதைக் கற்றல் அறிவியலின் மொழியில் விளக்கி எழுதி வருகிறார்கள். நல்ல சவாரிக்காரர்களின் கைகளுக்கு இது முன்பே தெரியும்.

விடுவதற்கு ஒரு நொடி தாமதித்தால் பாடம் குழம்பும். விடவே இல்லையென்றால் பாடமே இல்லை, வலி மட்டும்தான் மிஞ்சும். லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே பூட்ஸின் குதிகால் முள்ளால் குத்துவது, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிப்பதுதான். குதிரை போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. வாயைத் திறக்கும், பல்லை நறநறக்கும், வாலைச் சுழற்றும். சில குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி எகிறும். இன்னும் சில, கடைசியில் எதையும் எதிர்க்காமல் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ‘நல்ல பழக்கம்’ என்று தோன்றுவதுதான் கொடுமை.

நல்ல முறையிலும் சாட்டை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பியாஃப் பழக்கும்போது பயிற்சியாளர் தரையில் நின்று, நீளச் சாட்டையின் நுனியால் பின்னங்காலைத் தொடுவார். ஈ உட்கார்ந்ததுபோல் கால் மேலே எழும். உடனே சாட்டை விலகும்; ஒரு தட்டு, ஒரு சர்க்கரைக் கட்டி. வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் வீரர்களின் வால்கோட்டில் சர்க்கரைக்கென்றே மறைவாக ஒரு பை தைத்திருப்பார்கள். டுஜார்டினின் காணொலியில் இருப்பதும் தரையில் நின்று நீளச் சாட்டையைக் கால்களில் பயன்படுத்தும் வேலைதான். எப்போது நிறுத்துவது என்பதில்தான் பயிற்சிக்கும் அடிக்கும் வித்தியாசம். வலி விஷயத்தில் சாக்குச் சொல்லவும் இடமில்லை. குதிரையின் தோல் தடிமன், அதற்கு அவ்வளவாக உறைக்காது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். 2020-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேல்தோலில் வலியை உணரும் நரம்பு முனைகள் மனிதருக்கு இருப்பதுபோலவே குதிரைக்கும் இருந்தன.

வன்முறை வேண்டாம் என்பது இன்று நேற்றுக் கிளம்பிய கருத்தும் இல்லை. கிரேக்கரான ஸெனஃபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே குதிரையை வற்புறுத்தாமல் பழக்குவதைப் பற்றி எழுதினார். பிரான்ஸின் லா கெரினியேர் 1733-இல் எழுதிய நூல் வியன்னா பள்ளிக்கு இன்றும் அடிப்படை. நூல்களைவிட எனக்குப் பெரிய சான்றாகப் படுவது லிஸ் ஹார்ட்டல். டென்மார்க் பெண். 1944-இல், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது, போலியோ தாக்கியது. மீண்டு வந்தும் முழங்காலுக்குக் கீழே உயிரில்லை. அவரை மற்றவர்கள் தூக்கித்தான் குதிரைமேல் உட்கார வைக்க வேண்டும். 1952 வரை ஒலிம்பிக் டிரெஸாஜில் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடம்; அந்த ஆண்டு ஹெல்சிங்கியில்தான் பெண்களையும் மற்றவர்களையும் அனுமதித்தார்கள். ஹார்ட்டல் ஜுபிலி என்ற பெட்டைக் குதிரையில் வந்து வெள்ளி வென்றார். நான்கு ஆண்டு கழித்து மறுபடியும் வெள்ளி. அழுத்தக் கெண்டைக்காலில் வலுவில்லாதவர், இடுப்பையும் முதுகையும் எடையையும் கொண்டு ராணுவக்காரர்கள் பலரை முந்தினார். பலம் இல்லாமல் உயர்நிலை டிரெஸாஜ் நடக்காது என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

பிறகு எங்கே வழி மாறியது? சண்டை முழுவதும் குதிரையின் மூக்கைச் சுற்றித்தான். பிடரி உச்சி கழுத்தின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், முகத்தின் கோடு செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. 1990-களுக்குப் பிறகு பயிற்சிக் களங்களில் வேறொரு காட்சி சகஜமானது. லகானை இழுத்து, தாடை நெஞ்சில் முட்டும்வரை கழுத்தைச் சுருட்டி, அப்படியே ஓட்டுவது. ‘ரோல்குர்’ என்று பெயர். 2000, 2004, 2008 என மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஆங்கி வான் க்ரூன்ஸ்வெனும் அவருடைய கணவரும் பயிற்சியாளருமான ஷெஃப் யான்ஸனும், தலையை இப்படித் தாழ்த்தி உருட்டி ஓட்டும் முறையை வெளிப்படையாகவே ஆதரித்தார்கள். முதுகுத் தசைக்கு உடற்பயிற்சி, தெரிந்தவர் செய்தால் தீங்கில்லை என்பது அவர்கள் வாதம். ஜெர்மன் கால்நடை மருத்துவர் கெர்ட் ஹாய்ஷ்மன் எதிர்ப்பக்கத்தில் நின்று புத்தகமே எழுதினார்.

குதிரைக்கு இதில் என்ன நேர்கிறது? அதன் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. மெல்லிய தோல், அதன் கீழே நேராக எலும்பு. கடிவாள இரும்பு அமர்வது அங்கே. உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பாலும் இரும்பு ஒன்றல்ல, இரண்டு. அதில் ஒன்று தாடைக்கடியில் சங்கிலி கோர்த்து நெம்புகோலாக வேலை செய்வது. கழுத்தைச் சுருட்டும்போது தொண்டையில் மூச்சுப் பாதை குறுகுகிறது. எதிரே வருவது தெரியாது, தன் கால்களும் தரையும்தான் தெரியும். எதையாவது கண்டு மிரண்டால் ஓடித் தப்பிப்பதையே நம்பி வாழும் விலங்குக்கு இது என்ன நிலை என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிப்பதோடு நிற்காமல் குதிரைகளையே கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆங்கில ஒய் எழுத்துபோல் இரண்டாகப் பிரியும் பாதை அமைத்தார்கள். ஒரு பக்கம் திரும்பினால் ரோல்குர் சவாரி, மறுபக்கம் திரும்பினால் சாதாரண சவாரி. இரண்டும் பழகிய பிறகு, எந்தப் பக்கம் போவது என்பதைக் குதிரையின் விருப்பத்துக்கு விட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் சாதாரணப் பக்கமே திரும்பின.

அதே ஆண்டு டென்மார்க்கின் ஓடன்ஸவில் உலகக் கோப்பைப் போட்டியின் வார்ம்-அப் களத்தில் எடுத்த காணொலியில், இறுக்கிய கடிவாளத்தில் ஒரு குதிரையின் நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்கியது. உலகம் முழுக்கக் கொந்தளிப்பு. 2010 பிப்ரவரியில் கூட்டமைப்பு லோசானில் கூடி, பலவந்தமாகக் கழுத்தை வளைப்பது கூடாது என்றது. அதே மூச்சில், பலவந்தம் இல்லாமல் தலையைத் தாழ்த்தி உருட்டுவது பரவாயில்லை என்றும் சொன்னது. ஒரே நிலையில் சுமார் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதலும் வந்தது. களத்தோரம் நிற்கும் கண்காணிப்பாளர் பலவந்தத்தை எதைக் கொண்டு அளப்பார்? என் பார்வையில், அது தடை மாதிரி தெரியும் அனுமதி.

இத்தனைக்குப் பிறகும் ஏன் மாறவில்லை என்றால், பலவந்தம் லாபகரமாக இருக்கிறது. இதைக் கெட்ட மனிதர்களின் கதையாக மட்டும் பார்த்தால் பிடிபடாது. ஒரு குதிரையைப் பொறுமையாக கிராண்ட் பிரி என்ற உச்ச நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். குதிரை வியாபாரமோ ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளின் போட்டிகளில் சூடுபிடிக்கிறது. அந்த வயதில் முன்னங்காலை வானத்துக்கு வீசும் குதிரைக்கு விலை ஏறும். அமைதியாக முதுகை அசைத்து நடப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்? நடுவர்களும் இந்தப் பகட்டுக்கு மயங்கியவர்கள்தான். 1992-லும் 2008-லும் நடந்த உயர்மட்டப் போட்டிகளின் காணொலிகளை ஒப்பிட்ட ஆய்வில், பிந்தையவற்றில் குதிரைகளின் மூக்கு செங்குத்துக்குப் பின்னால் போவது அதிகமாக இருந்தது. விதி மாறவில்லை, களத்தில் நடப்பது மாறியிருக்கிறது.

டோட்டிலாஸ் இதற்கு நல்ல உதாரணம். எட்வர்ட் கால் ஓட்டிய அந்தக் கறுப்புப் பொலிகுதிரை 2009-இல் லண்டனில் 92.30 சதவீதம் எடுத்து உலக சாதனை படைத்தது. மறு ஆண்டு கென்டக்கியில் மூன்று உலகத் தங்கங்கள், அதன்பின் பெரும் விலைக்கு ஜெர்மனிக்கு விற்பனை. முன்கால்களின் வீச்சுக்குப் பின்கால்கள் ஈடுகொடுக்கவில்லை என்று குறை சொன்னவர்களை ரசிகர் கூட்டம் கண்டுகொள்ளவில்லை. 2015-இல் ஆகன் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அதன் நடை சரியில்லை என்பது அரங்கில் பலர் கண்ணுக்குப் பட்டது. மணி அடித்து நிறுத்த நடுவர்களுக்கு அதிகாரம் இருந்தும் அடிக்கவில்லை. பிறகு பரிசோதனையில் எலும்பில் பாதிப்பு தெரியவந்து, போட்டி வாழ்க்கையே முடிந்தது.

நடுவர் பார்ப்பது ஆறேழு நிமிடம். மீதி எல்லாம் நடப்பது லாயத்தில். 2023 நவம்பரில் டென்மார்க் தொலைக்காட்சி ஒன்று, புகழ்பெற்ற வீரர் ஆன்ட்ரியாஸ் ஹெல்ஸ்ட்ரான்டின் பெரிய குதிரை நிறுவனத்தில் ரகசியக் கேமராவில் பதிவு செய்ததை ஒளிபரப்பியபோது, சாட்டைத் தழும்பும் முள் குத்திய தடமும் வெளியே வந்தன. காசு புரளும் இடமாதலால் அங்கே வேலை பார்ப்பவர் எவரும் எளிதில் வாய் திறக்க மாட்டார்.

அளக்கக்கூடிய ஒன்றிலாவது இப்போது பிடி இறுகியிருக்கிறது. வாயைத் திறந்து வலியைக் காட்டாதபடி குதிரையின் மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டும் வழக்கம் பழையது. இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பார்கள். யாருடைய விரல் என்று சொன்னதில்லை. 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அதற்கென ஒரு கருவி வந்திருக்கிறது. மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் இடையே அது நுழையாவிட்டால் பட்டையைத் தளர்த்தியாக வேண்டும். மூக்குக் கோட்டுக்கும் இதேபோல் ஒரு கறார் வேண்டும்: செங்குத்துக்குப் பின்னால் போகிற ஒவ்வொரு முறையும் நடுவர் மதிப்பெண்ணைக் கண்டிப்பாகக் குறைத்தால், மறுநாளே லாயத்தில் லகான் தளரும்.

கூட்டமைப்புக்கு இந்த அவசரம் வந்ததில் பயத்துக்கும் பங்குண்டு. 2021-இல் டோக்கியோவில், குதிரையேற்றமும் ஓர் அங்கமாக இருந்த நவீன பென்டத்லான் நடந்தபோது, முரண்டு பிடித்த குதிரையின் மேல் ஒரு ஜெர்மன் வீராங்கனை அழுதுகொண்டே சாட்டையை வீசியதையும், வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் குத்தியதையும் உலகமே பார்த்தது. அந்த விளையாட்டை நடத்துபவர்கள் குதிரையேற்றத்தையே தூக்கிவிட முடிவெடுத்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் பென்டத்லான் வீரர்கள் குதிரைக்குப் பதிலாகத் தடைகளைத் தாங்களே தாவிக் கடக்கப் போகிறார்கள். டிரெஸாஜ் பட்டியலில் இன்னும் இருக்கிறது.