நோட்டீஸ் பீரியடில் காய்ச்சல் வந்தால் லீவு எடுக்கலாமா? கடைசி நாள் தள்ளிப்போகுமா?

மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி பக்கத்தில் படிப்பை முடித்த பிள்ளைகள் பலருக்கும் வேலை சென்னைப் பக்கம்தான். செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ் பிடித்துப் போய், நாலைந்து வருடம் ஒரே கம்பெனியில் ஓடி, கூடுதல் சம்பளத்தில் அடுத்த வேலையும் கிடைத்துவிடுகிறது. ராஜினாமா கடிதம் கொடுத்தாயிற்று. இனி 30, 60, சில இடங்களில் 90 நாள் நோட்டீஸ் பீரியட்.

அந்த நேரம் பார்த்து டெங்குவோ டைபாய்டோ வந்தால்? "நோட்டீஸ்ல இருக்கிறப்ப லீவே கிடையாதாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, 102 டிகிரி காய்ச்சலோடு லேப்டாப்பைத் திறப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையா?

சட்டம் என்ன சொல்கிறது?

கடைகள், ஐ.டி. மற்றும் தனியார் அலுவலகங்களுக்குப் பொருந்துவது 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றவர்களுக்கு, உடல்நலக் குறைவு அல்லது விபத்து என்றால் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்கிறது 25-வது பிரிவு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இந்த உரிமை வந்துவிடுகிறது. 12 நாள் தற்செயல் விடுப்பு இதில் சேராது, அது தனி.

ராஜினாமா கொடுத்தவருக்கு நோய் விடுப்பு கிடையாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. கடைசி நாள்வரை அவர் ஊழியர்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில், சராசரி ஊதியத்தில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். இதற்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்குவதே பாதுகாப்பு.

கடைசி நாளைத் தள்ளிப்போட முடியுமா?

சிக்கல் வருவது இங்கேதான். லீவு தர வேண்டும் என்று சொல்லும் சட்டம், அந்த நாள்களை நோட்டீஸ் கணக்கில் சேர்ப்பதா, கழிப்பதா என்று சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கம்பெனியின் விதிமுறைகளும்தான். 'நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்பு நாள்கள் கூடுதலாகச் சேர்க்கப்படும்' என்று அதில் இருந்தால், ஐந்து நாள் படுத்தவர் ஐந்து நாள் கூடுதலாக வேலை பார்க்கச் சொல்லப்படலாம்.

ஏர் இந்தியா ஊழியர் சஞ்சய் ஜெயின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டியதே. ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை, விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது என்றது தீர்ப்பு. ஆனால், பணி விதிகளிலோ நியமன நிபந்தனைகளிலோ வேறு ஏற்பாடு இருந்தாலும், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலும் கதை வேறு. எனவே முதலில் தேட வேண்டியது பழைய ஃபைலில் இருக்கும் அந்த ஆர்டரைத்தான்.

அமாவாசையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும்

எடுக்காத நோய் விடுப்புக்கு, ராஜினாமா செய்பவருக்குப் பணம் தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் விதி இல்லை. அதனால்தான் "சும்மா போகிற லீவுதானே" என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே அதைத் தீர்க்கும் ஆசை வருகிறது. மெடிக்கல் லீவு போட்டுவிட்டு, மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்தில் நிற்கும் செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைத்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்கும் மேனேஜர், அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் நம்ப மாட்டார். பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால், சாதாரணமாக முடிய வேண்டிய ராஜினாமா ஒழுங்கு நடவடிக்கையாக மாறவும் வாய்ப்பு உண்டு. திருவிழாவுக்குப் போக தற்செயல் விடுப்பு இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாம்.

உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது?

* அன்றைக்கே மேனேஜர், ஹெச்.ஆர். இருவருக்கும் மெயில் அனுப்புங்கள். போனில் சொன்னது பிறகு நிற்காது.

* டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாள் ஓய்வு என்பது சான்றிதழில் தேதியோடு இருக்கட்டும்.

* லீவு முடிந்து திரும்பியதும், 'என் கடைசி வேலை நாள் எது?' என்று கேட்டு, மெயிலில் பதில் வாங்குங்கள்.

* நாள் நீளும் என்றால், மீதமுள்ள ஈட்டிய விடுப்பில் கழிக்க முடியுமா, அந்த நாள்களுக்குப் பணம் கட்டி விலகலாமா என்று கேளுங்கள். ஈட்டிய விடுப்பைக் கேட்டு, மறுக்கப்பட்டு, அதன்பின் விலகினால் அந்த நாள்களுக்கான பணம் தர வேண்டும் என்கிறது அதே 25-வது பிரிவு. அதனால் எழுத்தில் கேட்பது முக்கியம்.

* புதிய கம்பெனிக்கு உடனே சொல்லுங்கள். நான்கு நாள் தாமதம் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் சேரும் தேதியைத் தவறவிடுவதுதான் ஆபத்து.

கணக்கு எப்போது தீர வேண்டும்?

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். லீவு எடுத்ததைக் காரணம் காட்டிச் சம்பளத்தை மொத்தமாக நிறுத்தினால், கம்பெனி இருக்கும் பகுதியின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே பேசப்போவது அந்த மெயில்களும் தேதி போட்ட மருத்துவச் சான்றிதழும்தான்.