வண்டி நிறுத்தமும் தண்டமும்

அவிநாசியில் சித்திரைத் தேர் அசைந்து வரும் வேளையில், இரத வீதியில் வண்டி நிறுத்தக் கூடாது என்றால் எவரும் முணுமுணுப்பதில்லை. அவ்வளவு பெரிய தேர் திரும்புவதற்கு வீதி முழுவதும் வேண்டும் என்பதை ஊரார் அறிவர். ஆயினும், அதே கட்டளை வேறு நாட்களில் மக்களுக்குச் சினமூட்டுகிறதே, அஃது ஏன்? மாணவர்களே, இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

சேவூர்ப் பக்கத்து உழவர் ஒருவர், நோயுற்ற தாயாரை இரு சக்கர வண்டியில் அழைத்து வருகிறார் என்று கொள்வோம். மருத்துவமனை வாயிலில் இடமில்லை. அருகில் வண்டி நிறுத்துமிடமும் இல்லை. தெருவோரம் நிறுத்தி, தாயாரைக் கைத்தாங்கலாக உள்ளே அமர்த்திவிட்டுப் பத்தே நிமிடத்தில் திரும்புகிறார். அதற்குள் தண்டம் விதிக்கப்பட்டுவிட்டது!

தண்டம் எவ்வளவு? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு, இத்தகைய பொதுவான பிழைகளுக்கு முதன்முறை 100 ரூபாய், மறுமுறை 300 ரூபாய் என உச்ச அளவு வகுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை 500, 1,500 என உயர்த்தியது. தமிழ்நாட்டில் இவ்வுயர்வு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எளியவருக்கு இது சிறு தொகையன்று.

சட்டத்தின் நோக்கம் யாது? பிறருக்கு ஆபத்தோ, தடையோ, மிகுந்த இடையூறோ உண்டாகுமாறு வண்டியை விட்டுச் செல்லலாகாது என்கிறது 122-ஆம் பிரிவு. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றவும், அதன் சக்கரத்தைப் பூட்டவும் 127-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இவற்றோடு 117-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். உள்ளாட்சி அமைப்பைக் கலந்து, வண்டிகள் நிற்பதற்குரிய இடங்களை வரையறுக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்குகிறது. ஆகவே, சட்டத்திற்கு இரு கைகள் உண்டு: ஒன்று இடம் காட்டும் கை, மற்றொன்று தண்டிக்கும் கை. முதற்கை ஓய்ந்திருக்க, இரண்டாவது கை மட்டும் உழைக்கும்போதே மனக்கசப்புப் பிறக்கிறது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1935 ஜூலையில் முதன்முதலாக நிறுத்தக் கட்டணக் கருவி நாட்டப்பட்டது. சிலரே நாள் முழுவதும் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், கடைக்கு வருவோர் பலரும் முறை மாறி நிற்பதற்கே அவ்வேற்பாடு. இடத்தைப் பகிர்ந்தளிப்பதே அங்கும் விதியின் உயிர்.

இதனால் விதியை மீறலாம் என்பது பொருளன்று. நாம் கருத்தின்றி நிறுத்தும் ஒரு வண்டி, உயிருக்குப் போராடுபவரை ஏற்றிவரும் ஆம்புலன்ஸை மறித்துவிடக்கூடும். அதனை அகற்றுவது அறமே. ஆனால், எவர் வழியையும் மறியாத வண்டியையும், சாலையை அடைத்து நிற்கும் வண்டியையும் ஒரே தட்டில் வைத்தல் முறையாகாது.

திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தை அடுத்து வருவது 'கண்ணோட்டம்'. அதிகாரம் செலுத்துவோர்க்கு இரண்டும் வேண்டும். நாளை அப்பொறுப்பில் அமரப்போகிறவர்கள் நீங்கள். தடைப் பலகை நாட்டும் முன்னர், நிற்க ஓர் இடம் காட்டுங்கள்; அதன் பின்னர் விதிக்கும் தண்டத்தை ஊரே ஏற்றுக்கொள்ளும்.