மலைநாட்டு இணையம் - 9: முகவரி யார் பெயரில்?

குன்னூர்த் தேயிலை ஏலம் 1963இல் தொடங்கியதையும், பிறகு கணினித் திரைக்கு மாறியதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஏலம் முடிந்தபின் வரும் விற்பனைக் கணக்கு, இன்வாய்ஸ், வங்கி விவரம் எல்லாம் இன்று மின்னஞ்சலில்தான் போய்வருகின்றன. அந்த மின்னஞ்சல் சர்வரைத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டும் மின்னஞ்சல் சர்வருக்கான இலவச மென்பொருள்கள். பழைய கணினி ஒன்றே போதும். கரண்ட் போனாலும் வரவேண்டிய கடிதம் உடனே தொலைந்துவிடாது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்து, வழக்கமாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் நம் மலையில் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2009 நவம்பர் மண்சரிவுபோல ஒன்று வந்து, சாலையோடு கேபிளும் போய்விட்டால் அந்த அவகாசம் போதாமல் போகலாம்.

பெரிய தலைவலி, அனுப்புவதில்தான். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பின் ஐபி எண் அவ்வப்போது மாறும். அத்தகைய எண்களை ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸ் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது. அதைப் பார்க்கும் சர்வர், நம் கடிதத்தைப் பிரிக்காமலே '550' என்ற மறுப்போடு திருப்பிவிடும். நிலையான ஐபி வாங்கினாலும், அந்த எண் நம் டொமைனுடையது என்று சொல்லும் பிடிஆர் பதிவை இணைப்பு தரும் நிறுவனம்தான் போட்டுத்தர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், அனுப்பும் டொமைன் உண்மையானதுதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகளைக் கறாராக்கிவிட்டன. ஏற்றுமதி இன்வாய்ஸ் வாங்குபவரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தால் நஷ்டம் தொழிற்சாலைக்குத்தான்.

ஆகவே சர்வரை வாடகைக்கு எடுங்கள் என்றே சொல்வேன். மத்திய அரசே சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சலை ஜோஹோ தளத்துக்கு மாற்றியது. ஆனால் அவர்களுடைய முகவரியின் முடிவில் ஜோஹோ என்ற பெயர் இல்லை. அரசின் டொமைன்தான் இருக்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒருகாலத்தில் இணைய இணைப்பு தந்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பெயரில் முகவரி வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த நிறுவனம் 2002இல் டாடாவிடம் போனது. 2008இல் அதன் பெயரே மாறிவிட்டது.

வாடகைச் சர்வரிலும் ஆபத்து உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேவை திரும்பக் கிடைத்தது. வழக்குப் போட அவர்களிடம் வசதி இருந்தது. சிறு தொழிற்சாலைக்கு டொமைனும், அலுவலகக் கணினியில் இறக்கிவைத்த கடிதங்களின் நகலும்தான் துணை. அவை கையில் இருந்தால், கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். வாங்குபவருக்கு முகவரி மாறாது.

ஒன்றை இன்றே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் டொமைனை வாங்கிக் கொடுத்தவர் வெப்சைட் செய்து தந்த ஆள். பதிவும் பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். அவர் ஊர் மாறிப் போவதற்குள் அதைத் தொழிற்சாலையின் பெயருக்கு மாற்றி எழுதி, புதுப்பிக்கும் தேதியைக் கணக்கரின் நாட்குறிப்பில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)