உங்களுக்குத் தெரியுமா? டயர் பெருத்தால் பல்லும் மாற வேண்டும்

கல்முனையில் நெல்லோ மீனோ ஏற்றி, ஏ4 வீதியால் கொழும்புக்குப் புறப்படும் கெப் வண்டி அக்கரைப்பற்று, பொத்துவில் வரை சமதரையில் சும்மா ஓடும். சோதனை வெல்லவாயவுக்கு அப்பால், கொஸ்லந்த ஏற்றத்தில்தான்.

அதே வண்டியின் 29 அங்குல டயரைக் கழற்றி 32 அங்குலம் போட்டால் சில்லின் இழுவை 9 சதவீதம் குறையும். மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டுக்கு இறங்க வேண்டி வரும். புறப்படும்போதெல்லாம் கிளட்ச் தேயும்.

மருந்து அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரச் சோடியில் இருக்கிறது: பெரியது கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சிறியது பினியன். சில டொயோட்டா ஹைலக்ஸ்களில் வரும் 4.10 விகிதம் என்றால் கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10. அதை 41-க்கு 9 என்ற சோடியாக மாற்றினால் விகிதம் 4.56, பழைய இழுவை திரும்பிவிடும். (பினியனை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க முடியாது, இரண்டும் சோடியாகவே அரைக்கப்பட்டவை.) பெரிய டயரில் 66இல் ஓடும்போது 60 என்று காட்டிய பழைய கேபிள் ஸ்பீடோமீட்டரும் கிட்டத்தட்டச் சரியாகும்.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டியா? முன்னச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்வீல் போட்டுத் தார் வீதியில் ஓடினால், இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கி இரண்டுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியைப் பதம் பார்த்துவிடும்.