பூட்டிய கதவுக்குள் ஒரு வகுப்பு

இங்கிலாந்தில் உச்சக் காவலுள்ள மனநல மருத்துவமனைகள் மூன்றே மூன்று: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். கடும் குற்றத்தில் ஈடுபட்டவர்களும், பிறருக்குப் பேராபத்து விளைவிக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகிறவர்களும் மனநலச் சட்டப்படி இங்கே வைக்கப்படுகிறார்கள். இவை சிறைகள் அல்ல, மருத்துவமனைகள்தான். ஆனாலும் ஒரு கதவு பூட்டிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். சாப்பாட்டுக் கரண்டியையும் எண்ணிக் கொடுத்து எண்ணித்தான் வாங்குவார்கள். இப்படிப்பட்ட காவல் வார்டுகளில் ஏழெட்டு நோயாளிகளை ஓர் அறையில் உட்கார வைத்து, கோபம் வந்தால் உடம்பில் முதலில் என்ன மாறுகிறது என்று பாடம் நடத்துகிறார்கள் என்றால், கேட்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயமே. மருந்தாலும் பூட்டாலும் அடங்காதது பேச்சால் அடங்கிவிடுமா? பலன் உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் அந்தப் பலன் வகுப்பறைக்குள் மட்டும் விளைவதில்லை. வகுப்பு முடிந்து நோயாளி திரும்பிப் போகும் வார்டும் அதே பாடத்தைப் படித்திருக்க வேண்டும்.

இந்த வகுப்புகளில் பலவற்றுக்கு மூலம், அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. பூட்டிய வார்டு என்றால் என்னவென்று லினஹனுக்கு நேரடியாகவே தெரியும். 1961இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரிலுள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, 26 மாதங்கள் அங்கேயே இருந்தவர் அவர். அதில் கணிசமான காலம் தனியறையில் அடைக்கப்பட்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2011இல்தான் இதை வெளிப்படையாகச் சொன்னார். திரும்பத் திரும்பத் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் பெண்களிடம் அவர் நடத்திய முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டி.பி.டி. பெற்றவர்கள் குறைவாகவே தம்மைக் காயப்படுத்திக்கொண்டார்கள். மருத்துவமனையில் படுத்த நாட்களும் குறைந்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் குறைவு.

வகுப்பில் நான்கு பாடங்கள்: இந்த நொடியில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது, தாங்க முடியாத வேதனையை மேலும் கெடுத்துக்கொள்ளாமல் கடப்பது, உணர்ச்சியை ஆள்வது, மனிதரோடு மனிதர் பழகுவது. எழுத்தில் பார்த்தால் நீதிபோதனை போலத் தெரியும். செய்முறையோ கைத்தொழில் கற்பது போன்றது. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர். மூச்சை அடக்கி முகத்தை அதில் அரை நிமிடம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தானாகவே இறங்கும். நீரில் மூழ்கும்போது உயிரைக் காக்க உடம்பிலேயே அமைந்த அனிச்சைச் செயல் அது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறி தலைக்கேறி, யோசிக்கும் திறனே அற்றுப்போன நேரத்தில் "பொறுமையாக இரு" என்ற சொல் காதில் ஏறாது. உடம்பு அடங்கினால்தான் புத்தி பேச ஆரம்பிக்கும்.

இன்னொன்று சங்கிலிப் பகுப்பாய்வு. நாற்காலியைத் தூக்கி எறிந்த ஒருவரிடம் "ஏன் எறிந்தாய்?" என்று கேட்டால் "கோபம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போகிறார்கள். முந்தைய இரவு தூக்கம் இல்லை, காலையில் எதிர்பார்த்த தொலைபேசி வரவில்லை, வீட்டில் தன்னை மறந்துவிட்டார்கள் என்ற நினைப்பு, நெஞ்சு இறுகியது, அந்த நேரம் பார்த்து ஒருவர் டி.வி. சேனலை மாற்றினார். இந்தச் சங்கிலியில் அறுக்கக்கூடிய கண்ணிகள் நான்கைந்து உண்டு. நாற்காலி கைக்கு வந்தபோது மட்டும் தன்னைத் தடுத்திருக்க வேண்டும் என்று நம்பியவருக்கு இது பெரிய விடுதலை.

இதையெல்லாம் தனியாக ஒரு மருத்துவரிடம் கற்றால் போதாதா, குழு எதற்கு, செலவை மிச்சம் பிடிக்கவா என்று கேட்கலாம். லினஹன் குழுவினரே இந்தச் சிகிச்சையைப் பிரித்துச் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழுவில் திறன் கற்பிக்கும் பகுதி இடம்பெற்ற வடிவங்களில், திறன் பயிற்சி இல்லாமல் தனிச் சிகிச்சை தந்ததைவிட, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயல்கள் நன்றாகக் குறைந்தன. காவல் வார்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே உணர்ச்சி பற்றிக்கொள்வதே பிற மனிதர்களால்தான்: பகிர்ந்துகொள்ளும் டி.வி., வரிசையில் நின்று பேசும் தொலைபேசி, எதிர் அறைக்காரரின் ஒரு சொல். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது.

ஒருவருக்கொருவர் கெட்ட வழிகளைக் கற்றுக்கொடுத்துவிடுவார்களே என்ற அச்சத்தில் உண்மை உண்டு. அதனால்தான் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட விவரங்களைச் சக நோயாளிகளிடம் பேசக் கூடாது என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். விடுதலைக்காக நடிப்பார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். நடித்தாலும், குளிர்நீர்க் கிண்ணம் நடிப்பவரின் இதயத் துடிப்பையும் இறக்கத்தான் செய்யும். எனக்கு உறுத்துவது வேறு. ஆஸ்திரேலியாவில் டி.பி.டி. பாடங்களைப் பள்ளி வகுப்புகளில் எல்லா மாணவர்களுக்கும் நடத்திப் பார்த்தபோது நன்மை கிடைக்கவில்லை. சில அளவுகோல்களில் நிலைமை மோசமானது என்று 2023இல் அறிக்கை வந்தது. தேவையும் விருப்பமும் பார்க்காமல் ஊட்டினால் இந்தப் பாடம் தீங்காகலாம். பூட்டிய கதவுக்குள் விருப்பம் என்ற சொல் ஏற்கெனவே மெலிந்துபோயிருக்கிறது. ஆகவே வகுப்புக்கு வர மறுத்தவரின் மறுப்பு, அவரை மேலும் அடைத்துவைக்கக் காரணமாகக் கோப்பில் ஏறக் கூடாது.

சான்றுகளின் அளவையும் மறைக்க வேண்டியதில்லை. ராம்ப்டனில் பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியான முன்னோடி ஆய்வில் தற்காயம் குறைந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் பத்துப் பேர்தான். அமெரிக்காவில் பியூப்லோ நகரின் அரசு மனநல மருத்துவமனை, குற்ற வழக்கு நோயாளிகளுக்கு ஏற்றபடி, பிறரைத் தாக்குவதையும் உயிராபத்தான நடத்தைகளின் வரிசையில் சேர்த்து டி.பி.டி. முறையையே மாற்றியமைத்தது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று இவற்றைச் சொல்லலாம்.

வார்டைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். நாள் முழுக்கத் தன்னோடு போராடி அமைதி காத்த பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட நொடியில் இரண்டு நர்ஸுகள் ஓடிவருகிறார்கள். ஒருவர் கட்டுப் போடுகிறார், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கனிவாகப் பேசுகிறார். அவள் மறுபடியும் காயப்படுத்திக்கொண்டால் அதை நடிப்பு என்று சொல்வது கொடுமை. எந்த மனித மனமும் இப்படித்தான் பழகும்; பழக்கியது வார்டு. கனிவு அமைதியான வேளையிலும் கிடைக்க வேண்டும், அது ஊழியர்கள் கற்க வேண்டிய திறன். வகுப்பு பெரும்பாலும் பகலில் நடக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டி, குளிர்ந்த நீர் கேட்டால், பணியில் இருப்பவர் அன்று மட்டும் வந்த தற்காலிக ஊழியராகவும் இருக்கலாம். அவர் ஏன் என்று கேட்காமல் கிண்ணத்தை நிரப்பித் தருவாரா, தூங்கப் போ என்பாரா?