சிறு விமானத்தின் சிறகுப் போர்வை

ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையில் உள்ளது நெமிலிச்சேரி இரயில் நிலையம். அவ்வூரில் வாழும் என் தமக்கையார் மகன், பள்ளி மாணவன், ஐப்பசித் திங்களில் பால்ஸா மரக்குச்சிகளால் இரண்டடிச் சிறகுடைய ரப்பர் விசை விமானம் ஒன்று செய்தான். எலும்புக்கூடு பழுதற அமைந்தது. போர்வை இட்டபின்னரோ, எறிந்தபோதெல்லாம் அஃது இடப்புறம் சுழன்று தரையில் வீழ்ந்தது. "மாமா, என் கணக்கு எங்கே பிழைத்தது?" என்று அவன் கலங்கி வினவினான். அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

போர்வை அழகின்பொருட்டு இடப்படுவது என்று பலரும் கருதுவர். அஃது உண்மையன்று. பறக்குங்கால் சிறகின் கீழ்ப்புறத்தில் காற்றின் அழுத்தம் மிகுந்தும், மேற்புறத்தில் குறைந்தும் இருக்கும். அவ்வேற்றுமையே விமானத்தைத் தாங்குவது. போர்வையில் நுண்துளை இருப்பின் காற்று கீழிருந்து மேலே கசிந்து அவ்வாற்றல் வீணாகும். அன்றியும், இழுத்து ஒட்டிய போர்வை சட்டத்தை முறுக்காதபடி பிணித்து நிற்கும். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் முதன்முதற் பறந்த ரைட் சகோதரர், மஸ்லின் துணியை இழைகள் குறுக்குச் சாய்வாக அமையும்படி வெட்டித் தைத்தது இதன்பொருட்டே. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பார் தாமே செய்வித்துப் பல்லாவரத்தில் சோதித்த விமானமும் அத்தலைமுறையைச் சார்ந்ததே. அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் துணி போர்த்த மரச்சட்டங்களே.

நிற்க. இனிப் போர்வையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். சிறுவன் வாங்கியது, இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் ஒட்டிச் சுருங்கும் வண்ணப் பிளாஸ்டிக் தாள். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் நிறையுடையது. மெல்லிய டிஷ்யூ காகிதமோ ஏறக்குறைய 12 கிராமே. 60 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறகின் இருபுறமும் மூட 1,200 சதுர சென்டிமீட்டர் வேண்டும். ஆகவே காகிதம் ஒன்றரைக் கிராமுக்குள் அடங்க, பிளாஸ்டிக் தாள் ஏழு கிராமைக் கடக்கும். முப்பது நாற்பது கிராம் நிறையுள்ள விமானத்துக்கு இது பெருஞ்சுமை. அதனினும் கொடியது, அத்தாள் சுருங்குகையில் மெல்லிய சட்டத்தை முறுக்கியதே. எஞ்சின் பூட்டிய பெரிய மாதிரிகளுக்கு அத்தாள் மிக ஏற்றது. எண்ணெயும் ஈரமும் அதனைத் தாக்கா. குற்றம் தாளில் அன்று, இடமறியாது இட்டதில்.

காகிதம் போர்த்தும் முறை வருமாறு. முதலில் சட்டத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். சிறு பிசிறும் காகிதத்தைக் கிழிக்கும். காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. கிழித்துப் பார்த்தால் எத்திசையில் நேராகக் கிழிகிறதோ அதுவே அதன் போக்கு. அப்போக்குச் சிறகின் நீளவாட்டில் அமைதல் நன்று. முன்னர்க் கீழ்ப்புறமும் பின்னர் மேற்புறமும் மூடுக. கீழ்ப்புறம் உட்குழிந்திருப்பின் ஒவ்வொரு விலாக்குச்சியிலும் பசை தடவுக; மேற்புறத்துக்கு ஓரங்களில் மட்டும் தடவினால் போதும். சுருக்கம் நீங்க இழுக்கலாம். மத்தளத் தோல்போல் இறுக்கலாகாது.

பின்னர் நீரைப் பனிபோல் தெளித்துச் சமதளப் பலகையில் ஊசிகளால் பொருத்தி உலரவிடுக. உலருங்கால் காகிதம் தானே இறுகும். அதன்மேல் டோப் என்னும் செல்லுலோஸ் மெருகை நீர்க்கக் கலந்து இருமுறை பூசினால் நுண்துளைகள் அடைபடும். அது தீப்பற்றும் பொருள், ஆவியும் தீயது. ஆதலின் சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் அப்பால் பூசுதல் வேண்டும்.

இங்கே எம்மூர்ப் பருவம் எங்களைச் சோதித்தது. பிளாஸ்டிக் தாளை உரித்து, காகிதம் ஒட்டி, அடைமழை நாளொன்றில் மெருகு பூசினோம். மறுநாட் காலையில் சிறகு முழுதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. மெருகின் கரைப்பான் விரைந்து ஆவியாகையில் மேற்பரப்பு குளிரும். ஈரக்காற்றின் நீர் அதிற் படிந்து வெண்மையாகும். இதற்கு மருந்து பொறுமையே. மழை ஓய்ந்து வெயில் காய்ந்த நாள்வரை காத்திருந்து, மெல்லிய பூச்சொன்று மீண்டும் இட, வெண்மை மறைந்தது. இடச்சிறகில் எஞ்சிய சிறு முறுக்கைக் கொதிநீராவியில் காட்டி, எதிர்ப்புறம் திருகி, ஆறும்வரை பிடித்திருந்து நேராக்கினோம்.

ஆவடியில் விமானப்படை நிலையம் இருத்தலின், எங்குப் பறக்கவிடலாம் என்று முன்னரே உசாவி அறிதல் அவசியம். அவ்வாறு உரியோர் இசைவு பெற்று, தைத் திங்களில், பள்ளி மைதானத்தில் அதனை விடுத்தோம். அது நேரே எழுந்து, ஒருமுறை அகன்று வட்டமிட்டு, புல்லின்மீது மெல்ல இறங்கிற்று. சிறுவன் ஓடிச்சென்று எடுத்தான். எடுத்தவுடன் அவன் தடவிப் பார்த்தது இடச்சிறகையே.

கண்ணைக் கவரும் பொருள் எல்லாம் காரியத்துக்கு ஏற்ற பொருள் ஆகா. தாங்கும் சட்டத்தின் வலிமையை அளந்து, அதற்கு இயைந்த போர்வையைத் தெரிந்து, காலமறிந்து இடுவோர்க்கே சிறகு துணைசெய்யும். நம் மாணவருள் ஆர்வமுடையோர் இவ்விடுமுறையில் ஒரு சிறகேனும் போர்த்திப் பார்ப்பார்களாக.